தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறி இடும் முறை

“நேற்று வந்த ராமனின் தம்பி” என்று எழுதினால் நேற்று வந்தது யார்? ராமனா, தம்பியா? பெயரெச்சம் தனக்கு அடுத்து நிற்கும் பெயரையே முதலில் பற்றும். அதனால் வந்தது ராமன் என்றே பெரும்பாலோர் கொள்வார்கள். “நேற்று வந்த, ராமனின் தம்பி” என்று ஒரு காற்புள்ளி இட்டுவிட்டால் வந்தது தம்பி என்று ஆகிவிடும். இந்த ஒரு வேலைக்காகவே காற்புள்ளியை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம்.

தமிழ் நெடுங்காலம் இந்தக் குறிகள் இல்லாமலே எழுதப்பட்டது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடு எழுதியவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. இன்று நாம் இடும் குறிகள் ஐரோப்பிய அச்சு வழக்கிலிருந்து வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடை நூல்களிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்காக இட்டார். பிறகு பள்ளிப் பாடநூல்கள் வழியாக அவை எல்லோருக்கும் பழகின.

குறி இல்லாத அந்தக் காலத்தில் தமிழ் எப்படிப் புரிந்தது? சொல்லின் கடைசியில் ஒட்டும் உருபும் இடைச்சொல்லும் அந்த வேலையைச் செய்தன. ‘உம்’ அடுக்கைக் காட்டும். ‘ஆ’ கேள்வியைக் காட்டும். ‘என்று’ வந்தால் ஒருவர் பேச்சு முடிந்தது என்று பொருள். வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. இன்றும் இவை அப்படியே இருக்கின்றன. ஆகவே குறி இடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வேலையை இங்கே சொல்லே செய்துவிட்டதா? செய்துவிட்டது என்றால் குறி வேண்டாம். சொல் செய்யாமல் விட்ட இடத்தில் குறி கட்டாயம் வேண்டும். கீழே வரும் எல்லா முறைகளும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

காற்புள்ளி

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்ற பெயர்களில் கால், அரை, முக்கால், முழு என்ற அளவுகள் இருக்கின்றன. முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மாத்திரை நேரம் நிறுத்திப் படிக்க வேண்டும் என்ற பழைய கணக்கும் உண்டு. வாய்விட்டுப் படிப்பவருக்கு அது உதவும். எழுதுபவருக்கு அது போதாது. மூச்சு வாங்கும் இடமெல்லாம் காற்புள்ளி வைத்தால் இப்படி ஆகும்:

பல தலைமுறைகளாகத் தறி நெய்துவந்த குடும்பங்கள், இடம்பெயர்ந்தன.

எழுவாய் எவ்வளவு நீண்டாலும் அதற்கும் பயனிலைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி நிற்கக்கூடாது. நேர்ப்பேச்சு குறுக்கே வரும்போது மட்டும் (“அவர், ...” என்று தொடங்கும் வாக்கியங்களில்) அது பொருந்தும்.

அடுக்கில் காற்புள்ளி எளிது. “அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை வாங்கினோம்.” இங்கே பெயர்களை இணைக்க ‘உம்’ இல்லை, அந்த இடத்தைக் காற்புள்ளி நிரப்புகிறது. ‘ஆகிய’, ‘ஆகியவை’, ‘முதலிய’ என்னும் சொற்களுக்கு முன்னால் காற்புள்ளி இல்லை. “அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கினோம்” என்று எழுதினால் காற்புள்ளியே தேவையில்லை. ‘உம்’ ஏறிய ஒவ்வோர் உறுப்பும் ஏழெட்டுச் சொல் நீளமாக இருந்தால் மட்டும், கண் தடுமாறாமலிருக்க, இடலாம். “அரிசி, பருப்பு மற்றும் எண்ணெய்” என்ற அமைப்பை முடிந்தவரை விடுங்கள். ‘மற்றும்’ பழைய சொல்தான். ஆனால் கடைசிப் பெயருக்கு முன்னால் அதை நட்டுவைப்பது மொழிபெயர்ப்பில் வந்த பழக்கம். முதல் இரண்டு பெயருக்குக் காற்புள்ளி, மூன்றாவதற்கு ‘உம்’, நான்காவதற்கு ‘மற்றும்’ என்று கலப்பது எல்லாவற்றிலும் மோசம்.

விளியில் காற்புள்ளியைத் தவறவிடவே கூடாது. “தம்பி சாப்பிட்டானா?” என்றால் தம்பியைப் பற்றி வேறு யாரிடமோ கேட்கிறோம். “தம்பி, சாப்பிட்டானா?” என்றால் தம்பியிடமே வேறு ஒருவனைப் பற்றிக் கேட்கிறோம். ‘தம்பி’, ‘அக்கா’ போன்ற முறைப்பெயர்கள் விளியிலும் எழுவாயிலும் ஒரே வடிவில் நிற்பதால் அங்கே உருபு உதவிக்கு வராது. “நண்பர்களே” என்பதில் ஏகாரம் விளியைக் காட்டிவிடுகிறது. ஆனாலும் அங்கே குறி இடுவது நிலைபெற்ற வழக்கம். அவையோரை விளிக்கும்போது உணர்ச்சிக்குறி (“அவையோர்களே!”), பக்கத்தில் இருப்பவரை விளிக்கும்போது காற்புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடைமொழி எந்தச் சொல்லைப் பற்றுகிறது என்ற குழப்பம்தான் மிகுதியாக நேர்வது. “அவர் மகிழ்ச்சியோடு ஓடி வந்த சிறுவனை அணைத்தார்.” மகிழ்ச்சி யாருக்கு? அணைத்தவருக்கு என்றால் “அவர் மகிழ்ச்சியோடு, ஓடி வந்த சிறுவனை அணைத்தார்” என்று காற்புள்ளி இடலாம். அதைவிட நல்ல வழி சொல்லை இடம் மாற்றுவது: “ஓடி வந்த சிறுவனை அவர் மகிழ்ச்சியோடு அணைத்தார்.” அறிவிப்புகளில் இந்தக் கவனம் மிகவும் தேவை. “திங்கட்கிழமை கூட்டம் நடக்கும் என்று தலைவர் அறிவித்தார்” என்பதில் திங்கட்கிழமை நடப்பது கூட்டம். திங்கட்கிழமை நடந்தது அறிவிப்பு என்றால் “கூட்டம் நடக்கும் என்று தலைவர் திங்கட்கிழமை அறிவித்தார்” என்றே எழுதுங்கள். சொல்லை மாற்றி வைத்துத் தீரும் குழப்பத்தைக் காற்புள்ளியிடம் விடாதீர்கள். நகல் எடுக்கும்போதும் மறுதட்டச்சிலும் முதலில் உதிர்வது காற்புள்ளிதான்.

‘ஆனால்’, ‘எனவே’, ‘ஆகவே’ முதலிய இணைப்புச் சொற்களுக்குப் பிறகு காற்புள்ளி இடச் சொல்லும் பாடநூல் மரபு உண்டு. இட்டால் தவறில்லை. வாக்கியம் சின்னதாக இருந்தால் தேவையும் இல்லை. எதைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

ஒற்று இருந்தால் காற்புள்ளி இல்லை

தமிழுக்கே உரிய சிக்கல் இது. வேறு மொழிகளின் குறியீட்டு விதிகளில் இதற்கு விடை கிடைக்காது.

எழுந்து பல் துலக்கிக் குளித்துச் சாப்பிட்டுப் பேருந்து ஏறினான்.
எழுந்து, பல் துலக்கி, குளித்து, சாப்பிட்டு, பேருந்து ஏறினான்.

இரண்டும் சரி. முதல் வரியில் செயல்கள் ஒரே ஓட்டமாகச் செல்கின்றன. இரண்டாவதில் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. தவறானது இரண்டையும் கலந்த வடிவம்: “துலக்கிக், குளித்துச், சாப்பிட்டுப், பேருந்து ஏறினான்.” இரு சொற்களை இடைவிடாமல் சொல்லும்போது மட்டுமே நடுவில் வல்லினம் மிகும். காற்புள்ளி அந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறது. நிறுத்தினால் ஒற்று தோன்ற இடமே இல்லை. ஆகவே காற்புள்ளி வைத்தால் ஒற்றை எடுங்கள். ஒற்று வேண்டுமென்றால் காற்புள்ளியை எடுங்கள்.

வேற்றுமை உருபிலும் இதே கதைதான். “அதைப் பலமுறை சொன்னோம்” சரி; “அதைப், பலமுறை” தவறு. அடைப்புக்குறி குறுக்கே வந்தாலும் ஓட்டம் அறுந்துவிடுகிறது: “மூத்தவனை (கண்ணனை) பார்த்தேன்” என்பதே முறை. ஒற்றை மேற்கோள்குறிக்குள் ஒரு தனிச்சொல் வருவது வேறு. அங்கே யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. அதனால் “அவரைப் ‘பெரியவர்’ என்றே அழைத்தோம்” என்று ஒற்று நிற்கட்டும். ஆனால் குறிக்கு வெளியே.

திருத்தும்போது காற்புள்ளியைச் சேர்க்கும் கையோடு முந்தைய சொல்லின் கடைசி எழுத்தையும் பாருங்கள். க், ச், த், ப் ஆகிய நான்கில் ஒன்று அங்கே நின்றால் அதை நீக்க வேண்டும்.

நேர்ப்பேச்சும் ‘என்று’வும்

தமிழ் நேர்ப்பேச்சை முடிக்க ‘என்று’, ‘என்றார்’, ‘என’ ஆகிய சொற்கள் இருக்கின்றன. அவை இருக்கையில் பேச்சின் இறுதியில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் தேவையில்லை.

அவர், “நாளை வருகிறேன்” என்றார்.
“மழை வரும். குடை எடுத்துக்கொள்” என்றாள் அக்கா.

இரண்டாவது எடுத்துக்காட்டில் பேச்சின் உள்ளே ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது. அது இருக்கத்தான் வேண்டும். கடைசி வாக்கியத்தின் முற்றுப்புள்ளியை மட்டும் விட்டுவிடுகிறோம். “வருகிறேன்,” என்று மேற்கோளுக்குள் காற்புள்ளி வைத்துவிட்டு ‘என்றார்’ எழுதுவது பத்திரிகைகளில் பரவலாக உண்டு. அது ஆங்கிலப் பழக்கம். தமிழில் அதற்கு வேலை இல்லை. வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் அப்படியல்ல. அவை பேசியவரின் குரலைச் சேர்ந்தவை, உள்ளேயே நிற்கும்:

“நாளை வருவாயா?” என்று கேட்டார்.

பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை:

“அவர் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டார்” என்றான்.

ஒருவர் பேச்சு பல பத்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் மேற்கோளைத் திறக்க வேண்டும்; மூடுவது கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும்.

வினாக்குறியில் ஒரு தவறு மிகப் பரவலாகக் காணப்படுகிறது. “அவர் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை?” ‘ஏன்’ கண்ணில் பட்டதும் கை வினாக்குறிக்குப் போய்விடுகிறது. இந்த வாக்கியத்தின் வினைமுற்று ‘தெரியவில்லை’. அது கேள்வி அல்ல, செய்தி. முற்றுப்புள்ளிதான் வேண்டும். “வருவாயா என்று கேட்டார்” என்பதும் அப்படியே. கடைசி வினைமுற்றைப் பார்த்துக் குறி இடுங்கள். நடுவில் எத்தனை வினாச்சொல் இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். “வருவாயா, மாட்டாயா?” என்று இரட்டித்து வரும் கேள்விக்குக் கடைசியில் ஒரு வினாக்குறி போதும்.

உணர்ச்சிக்குறியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஐயோ’, ‘அடடா’ போன்ற சொற்களோடு ஒன்று. மூன்று இட்டால் உணர்ச்சி மும்மடங்கு ஆகாது.

குறிக்குப் பின் உருபு ஒட்டுதல்

இதழின் பெயரை ஒற்றை மேற்கோள்குறிக்குள் எழுதிவிட்டோம். அதற்கு ‘இல்’ சேர்க்க வேண்டும். பெயர் உயிர் ஒலியில் முடிந்தால் எளிது: ‘குறிஞ்சி’யில், ‘முல்லை’யில். உடம்படுமெய்யும் உருபும் குறிக்கு வெளியே. பெயர் மகரத்தில் முடிந்தால் தொல்லை. ‘மருதம்’ என்ற பெயரோடு ‘இல்’ சேர்ந்தால் மருதத்தில் என்று ஆகும். ‘மருதத்’தில் என்று எழுதினால் பெயரே சிதைந்துவிடும். ‘மருதம்’இல் என்பதை யாராலும் வாசிக்க முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பொதுப்பெயரைத் துணைக்கு அழையுங்கள்: ‘மருதம்’ இதழில், ‘மருதம்’ என்ற நூலில்.

அடைப்புக்குறியும் இதே தொல்லை தரும். “தலைநகர் (சென்னை)யில்” என்று எழுதாதீர்கள். “தலைநகரில் (சென்னையில்)” என்று இரு பெயருக்கும் உருபு கொடுங்கள், அல்லது “தலைநகரான சென்னையில்” என்று அடைப்பையே நீக்கிவிடுங்கள்.

புள்ளியிட்ட சுருக்கத்தில் கடைசிப் புள்ளிக்குப் பிறகு இடைவெளி இல்லாமல் உருபு வரும்: ஐ.நா.வில், மு.வ.வின். எண்ணுக்கு 1947இல், 1947-இல், 1947ல் என்று மூன்று வழக்கும் உண்டு. நாங்கள் பரிந்துரைப்பது முதலாவதை. சிறுகோடு எண்களுக்கிடையே வரம்பு காட்டவும் தேவைப்படுவதால் அதை இதற்கும் செலவிட வேண்டாம்.

முற்றுப்புள்ளியும் எண்களும்

வினைமுற்று வந்த இடத்தில் முற்றுப்புள்ளி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைப்புக்கு முற்றுப்புள்ளி இல்லை. ‘கி.பி.’, ‘திரு.’ போன்ற சுருக்கத்தில் வாக்கியம் முடிந்தால் ஒரே புள்ளி, இரண்டு வேண்டாம். உ.வே. சாமிநாதையர் என்று எழுதும்போது ‘உ.வே.’ ஒரு வரியின் கடைசியிலும் ‘சாமிநாதையர்’ அடுத்த வரியிலும் போய் நிற்கும் ஆபத்து உண்டு. நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாகப் பிரியா இடைவெளியைத் தட்டினால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

நேரத்தைப் புள்ளியிட்டு எழுதுவது தமிழ் அச்சு வழக்கு: காலை 10.30 மணி. தசமத்துக்கும் அதே புள்ளி என்பதால் கால அளவைச் சொல்லும்போது குழப்பம் வரும். “4.30 மணி நேரம்” என்று எழுதாமல் “நாலரை மணி நேரம்” என்று எழுத்தில் எழுதுங்கள். பெரிய எண்ணில் லட்சக் கணக்குப்படி காற்புள்ளி: 12,50,000. எண்ணுக்குள் வரும் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி கிடையாது.

அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும்

ஒரே கருத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று முற்றுவாக்கியங்களை ஒன்றாக வைக்க அரைப்புள்ளி உதவும்: “மழை ஓய்ந்தது; வெயில் வந்தது; நெல்லைக் காயப்போட்டார்கள்.” அங்கே காற்புள்ளி போதாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வினைமுற்றில் முடிந்த முழு வாக்கியம். இன்னொரு பயன், அடுக்குக்குள் அடுக்கு வரும்போது: “குறிஞ்சிக்குத் தேன், தினை; நெய்தலுக்கு மீன், உப்பு.”

முக்காற்புள்ளி அடுத்து வருவதைச் சுட்டும்: ‘நாள்:’, ‘இடம்:’, ‘எடுத்துக்காட்டு:’. பழைய அச்சில் அதனோடு ஒரு கோடும் சேர்த்து ‘:-’ என்று இடுவார்கள். இப்போது அது வேண்டியதில்லை.

இடைவெளியும் ஒரு குறிதான்

நிறுத்தற்குறிப் பட்டியலில் இடைவெளியை யாரும் சேர்ப்பதில்லை. தமிழில் அது செய்யும் வேலை காற்புள்ளியின் வேலையைவிடப் பெரிது.

குழந்தையைக் கொண்டுவந்துவிட்டான்.
குழந்தையைக் கொண்டுவந்து விட்டான்.

முதலாவதில் ‘விடு’ துணைவினை. கொண்டுவரும் செயல் முடிந்தது என்று மட்டும் சொல்கிறது. இரண்டாவதில் அது தனிவினை; கொண்டுவந்து ஓரிடத்தில் விட்டுச் சென்றான் என்று பொருள். துணைவினையைச் சேர்த்தும் தனிவினையைப் பிரித்தும் எழுதினால் இந்தக் குழப்பம் எழாது. ‘தான்’, ‘கூட’ போன்ற இடைச்சொற்களையும் சேர்த்தே எழுதுங்கள்: அவன்தான், அதைக்கூட. “பழைய புத்தகக்கடை” என்றால் கடை பழையது. “பழைய புத்தகக் கடை” என்றால் இரு பொருளுக்கும் இடமுண்டு. புத்தகங்கள்தான் பழையவை என்றால் “பழைய புத்தகங்கள் விற்கும் கடை” என்று விரித்துவிடுங்கள். ‘பலகை’க்கும் ‘பல கை’க்கும் உள்ள வேறுபாடு ஓர் இடைவெளி மட்டுமே.

வரி முடிவில் சொல் உடையும்போது தமிழ் அச்சில் சிறுகோடு இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆனால் உடைந்த பகுதி மெய்யெழுத்தில் தொடங்கி அடுத்த வரிக்குப் போகக்கூடாது. ‘பக்கம்’ என்பதைப் ‘பக்’, ‘கம்’ என்று உடைக்கலாம். ‘ப’, ‘க்கம்’ என்று உடைக்கக்கூடாது.

தட்டச்சில் நேரும் பிழைகள்

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி எல்லாம் முந்தைய சொல்லோடு ஒட்டி நிற்க வேண்டும். அவற்றுக்குப் பின் ஓர் இடைவெளி. “வந்தான் .” என்று முன்னால் இடைவெளி விட்டால் புள்ளி தனியே பிரிந்து அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கும். அடைப்புக்குறிக்கும் மேற்கோள்குறிக்கும் வெளியே இடைவெளி, உள்ளே இல்லை.

மென்பொருள் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகத் தானே மாற்றும். முன்னால் இடைவெளி இருந்தால் திறப்பு, இல்லாவிட்டால் மூடல் என்பதுதான் அதன் கணக்கு. கோடு ஒன்றை ஒட்டி மேற்கோள் தொடங்கினால் அது தவறாக மூடலை இட்டுவிடலாம். அங்கே ஒரு இடைவெளி தட்டி, மேற்கோளை இட்டு, பிறகு இடைவெளியை அழித்துவிடுங்கள்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் நெடுநாள் வழங்கிய பாமினி எழுத்துருவில் வேறொரு சிக்கல். அதில் காற்புள்ளி விசையைத் தட்டினால் ‘இ’ வரும். அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் புள்ளியைத் தரும். பாமினியும் வேறு எழுத்துருவும் கலந்த கோப்பை மொத்தமாக ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றினால் உண்மையான காற்புள்ளிகளும் ‘இ’ ஆகிவிடும். “கொழும்புஇ யாழ்ப்பாணம்”, “12இ500” என்று இணையத்தில் தென்படுவது இப்படி நேர்ந்ததுதான். திருத்துவது எளிது. இன்றைய உரைநடைச் சொல் எதுவும் ‘இ’ என்ற எழுத்தில் முடிவதில்லை. ஆகவே ‘இ’யும் அதன்பின் ஓர் இடைவெளியும் வரும் இடங்களைத் தேடி, காற்புள்ளியும் இடைவெளியுமாக மாற்றுங்கள். சுட்டாக நிற்கும் தனி ‘இ’யையும், செய்யுள் மேற்கோளில் வரும் ‘தழீஇ’ போன்ற அளபெடைகளையும் தொடாதீர்கள். எண்களுக்கு நடுவே உள்ளவற்றைக் கண்ணால் பார்த்தே மாற்ற வேண்டும்; ‘1947இல்’ போன்றவை அங்கே நியாயமாகவே இருக்கும்.

திருத்தும் வரிசை

முதலில் ஒவ்வொரு வாக்கியத்தின் வினைமுற்றையும் கண்டுபிடித்து முற்றுப்புள்ளியோ வினாக்குறியோ இடுங்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று பெயரெச்சமும் நான்கு வினையெச்சமும் குவிந்திருந்தால் காற்புள்ளியால் காப்பாற்ற முயலாமல் இரண்டாக வெட்டுங்கள். அடுத்து விளிகளையும் அடுக்குகளையும் பாருங்கள். பிறகு அடைமொழிகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தச் சொல்லைப் பற்றுகிறது என்று கேளுங்கள். முடிந்தால் சொல்லை நகர்த்துங்கள், முடியாவிட்டால் காற்புள்ளி. நான்காவதாக ஒரு முறை முழுவதும் படித்து, எடுத்துவிட்டாலும் பொருள் மாறாத காற்புள்ளிகளை நீக்குங்கள். நீக்கிய இடத்தில் ஒற்று திரும்ப வர வேண்டுமா என்று பார்க்க மறக்காதீர்கள். ‘பார்த்து, சிரித்தான்’ காற்புள்ளியை இழந்தால் ‘பார்த்துச் சிரித்தான்’ ஆக வேண்டும்.

கடைசியாக எந்திர வேலை. இரட்டை இடைவெளியைத் தேடி ஒற்றையாக மாற்றுங்கள். எண்ணிக்கை பூச்சியம் ஆகும்வரை மீண்டும் மீண்டும் இயக்க வேண்டும், ஏனென்றால் நான்கு இடைவெளி முதல் சுற்றில் இரண்டாகத்தான் குறையும். குறிகளுக்கு முன்னால் நிற்கும் இடைவெளிகளை அதற்குப் பிறகு நீக்குங்கள். க், ச், த், ப் ஆகிய ஒவ்வொன்றோடும் காற்புள்ளியைச் சேர்த்து நான்கு முறை தேடுங்கள். திறந்த மேற்கோள்களின் எண்ணிக்கையும் மூடியவற்றின் எண்ணிக்கையும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால், பல பத்தி நீண்ட பேச்சு எதுவும் இல்லாத கட்டுரையில், எங்கோ ஒருவர் பேச்சு முடியாமலே நிற்கிறது.